குளிர்முகிலில் பார ஐதரசன் சேரும் வழி: கணக்கோடு ஒரு முழு வழிகாட்டி

வீட்டில் குடிதண்ணீர் பிடித்து வைக்கும் 20 லீற்றர் கானிலிருந்து தொடங்குவோம். அதிலுள்ள தூத்தேரியம் (கருவில் ஒரு நியூத்திரன் கூடிய பார ஐதரசன்) முழுவதையும் பிரித்தெடுத்துப் பாரநீராக்கினால் 3 மில்லிலீற்றருக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் கிடைக்கும். ஒரு தேக்கரண்டி நிரம்பாது. கடல் நீரில் 10 இலட்சம் ஐதரசன் அணுவுக்கு 156 தூத்தேரிய அணு என்பதுதான் இந்தக் கணக்குக்கு அடிப்படை. ஆனி ஆடியில் இரணைமடுக் குளம் வற்றி அடி தெரியும்போது, பாரம் குறைந்த நீர் முந்தி ஆவியாகிவிடுவதால், மிஞ்சிய நீரில் இந்த எண் சில சதவீதம் ஏறும். பூமியில் சாதாரணமாக நடக்கும் செறிவு அவ்வளவுதான்.

விண்மீன்களுக்கு இடையிலுள்ள வாயுவில் (அது அடர்ந்து குளிர்ந்த இடமே தலைப்பிலுள்ள குளிர்முகில்) இருப்பு இன்னும் குறைவு: 10 இலட்சத்துக்கு ஏறத்தாழ 15. அப்படியிருந்தும் கேட்டை நட்சத்திரத்துக்குப் பக்கத்தில், இப்போதுதான் உருவாகும் ஒரு விண்மீனைச் சுற்றியுள்ள மெதனோலை அளந்தால், அதன் மெதைல் பகுதியில் 100 ஐதரசனுக்கு 2.4 தூத்தேரியம் இருக்கிறது. கிட்டத்தட்ட 1,600 மடங்கு ஏற்றம். யாரும் காய்ச்சி வடிக்கவில்லை, மையநீக்கியில் சுற்றவுமில்லை. 10 கெல்வின் குளிரும் சில ஆயிரம், இலட்சம் ஆண்டுகளும்தான் அங்கே இருந்த உபகரணங்கள்.

இந்த ஏற்றத்தை ஒவ்வொரு படியாகக் கணக்குப் போட்டுப் பார்ப்பதற்கே இந்த வழிகாட்டி. உயர்தர இரசாயனவியலில் சமநிலையும் தாக்கவீதமும் படித்திருந்தால் போதும். விஞ்ஞானக் கணிப்பான் ஒன்று, கொப்பி ஒன்று, சுமார் 2 மணித்தியாலம். மின்சாரம் நின்றாலும் வேலை நிற்காது.

தொடங்குமுன்: இது சுளகு வேலை அல்ல

பொலி தூற்றும்போது பதர் ஒரு பக்கம் போக, நெல் காலடியில் விழும். தூத்தேரியமும் பாரமானது, ஆகவே அப்படித்தான் ஒதுங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் படத்தை மனதிலிருந்து அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பின்னால் வரும் எதுவும் பொருந்தாது. இங்கே நிறை நேரடியாக வேலை செய்வதில்லை. பிணைப்பின் அடிமட்டச் சக்தி வழியாகத்தான் வேலை செய்கிறது.

எந்த மூலக்கூறும் முழுக் குளிரிலும் அதிர்வதை நிறுத்தாது. அந்த மிச்ச அதிர்வின் பெயர் பூச்சியநிலைச் சக்தி. பார அணு இருந்தால் அதிர்வு மெதுவாகும், சக்தியும் தாழும். வெப்பநிலை அலகில் சொன்னால் சாதாரண ஐதரசன் மூலக்கூறுக்கு அது ஏறத்தாழ 3,135 கெல்வின். ஓர் ஐதரசனும் ஒரு தூத்தேரியமும் சேர்ந்த மூலக்கூறுக்கு ஏறத்தாழ 2,720 கெல்வின். இந்த இரண்டாவதை இனிமேல் கலப்பு மூலக்கூறு என்போம்.

தூத்தேரியம் எந்த மூலக்கூறில் இருந்தால் மொத்தச் சக்தி அதிகம் தாழுமோ, அங்கே போய்ச் சேர விரும்பும். போன பிறகு திரும்பி வர, அந்த வித்தியாசத்தை யாராவது வெப்பமாகக் கொடுக்க வேண்டும். 300 கெல்வினில் அது சில்லறைக் காசு. 10 கெல்வினில் கொடுக்க ஆளில்லை.

படி 1: கையிருப்பை எழுதுங்கள்

கொப்பியின் இடப்பக்கத்தில் இந்த எண்களை எழுதிக்கொள்ளுங்கள். எல்லாம் ஐதரசன் மூலக்கூறு ஒன்றுக்கு எத்தனை என்ற அளவில்.

கலப்பு மூலக்கூறு: 3 × 10⁻⁵. (அணுவுக்கு 1.5 × 10⁻⁵. மூலக்கூறில் ஐதரசன் இரண்டு என்பதால் இரு மடங்கு.)
காபனோரொட்சைட்டு: 1 × 10⁻⁴.
சுயாதீன இலத்திரன்: 3 × 10⁻⁸.

முதலாவது எண்ணில் ஒரு கவனம். முகிலிலுள்ள தூத்தேரியம் ஏறக்குறைய எல்லாமே இந்தக் கலப்பு மூலக்கூறில்தான் பூட்டிக் கிடக்கிறது. அதன் பிணைப்பு வலிமையானது. குளிரில் தானாக எதனோடும் தாக்கமடையாது. பூட்டைத் திறக்க ஓர் அயன் வேண்டும்.

அந்த இரு மடங்கை மறப்பதுதான் தொடங்குபவர்கள் விடும் முதல் பிழை. விடை பாதியாகிப் போகும், ஏன் என்று கடைசிவரை தெரியாது.

படி 2: திறப்பைக் கண்டுபிடியுங்கள்

அடர்ந்த முகிலுக்குள் விண்மீன் ஒளி நுழையாது. நுழைவது அண்டக் கதிர் மட்டுமே. ஒரு ஐதரசன் மூலக்கூறை அது தாக்கி அயனாக்கும் வாய்ப்பு செக்கனுக்கு ஏறத்தாழ 10⁻¹⁷. அதாவது குறிப்பிட்ட ஒரு மூலக்கூறின் முறை வர 300 கோடி ஆண்டு காத்திருக்க வேண்டும். ஆனால் மூலக்கூறுகள் ஏராளம். அயனானது பக்கத்து ஐதரசன் மூலக்கூறிடமிருந்து ஓர் ஐதரசன் அணுவைப் பெறுகிறது அல்லது அதற்கு ஒரு புரோத்தனைக் கொடுக்கிறது. விளைவு மூன்று ஐதரசன் கொண்ட நேரயன். இதை மூவைதரசன் அயன் என்போம். விண்மீனிடை இரசாயனத்தின் கடைத்தெருவே இதுதான். யாருக்குப் புரோத்தன் வேண்டுமென்றாலும் இங்கேதான் வர வேண்டும்.

படி 3: ஒருவழித் துருசு

இப்போது முக்கியமான தாக்கம். மூவைதரசன் அயன் கலப்பு மூலக்கூறைச் சந்திக்கிறது. தூத்தேரியம் அயனுக்குள் போகிறது, ஓர் ஐதரசன் வெளியே வருகிறது. கிடைப்பது ஒருதூத்தேரிய அயனும் சாதாரண ஐதரசன் மூலக்கூறும். கூடவே 232 கெல்வின் அளவு சக்தி வெளியாகிறது. வீத மாறிலியை 1.5 × 10⁻⁹ கன சென்ரிமீற்றர்/செக்கன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குளத்துத் துருசைத் திறந்தால் தண்ணீர் வாய்க்காலுக்கு இறங்கும். வாய்க்கால் தண்ணீர் குளத்துக்குத் திரும்ப, கட்டுக்கு மேலால் ஏற வேண்டும். ஏறும் வாய்ப்பு எவ்வளவு என்பதைக் கணிப்பானே சொல்லும்: 232ஐ வெப்பநிலையால் வகுத்து, மறைக்குறி போட்டு, ஈ-யின் (e, 2.718) அடுக்காக ஏற்றுங்கள்.

10 கெல்வினில் 8 × 10⁻¹¹.
20 கெல்வினில் 9 × 10⁻⁶.
30 கெல்வினில் 4.4 × 10⁻⁴.
50 கெல்வினில் 0.01.
100 கெல்வினில் 0.1.

10க்கும் 30க்கும் இடையில் 50 இலட்சம் மடங்கு வித்தியாசம். வேறு எந்தக் காரணியும் இவ்வளவு செங்குத்தாக மாறாது.

232 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று தோண்டிப் பார்ப்பவர்களுக்கு ஒரு சிக்கல் காத்திருக்கிறது. பூச்சியநிலைச் சக்திகளை மட்டும் கூட்டிக் கழித்தால் 140தான் வரும். பலர் இங்கே தங்கள் கணக்குப் பிழை என்று நினைத்து அழித்துவிடுவார்கள். பிழை இல்லை. மூவைதரசன் அயனின் ஆகத் தாழ்ந்த சுழற்சி நிலையைக் குவாண்டம் விதி தடைசெய்கிறது. அது தொடங்குவதே 92 கெல்வின் உயரத்தில். 140உடன் 92ஐக் கூட்டினால் 232.

படி 3இன் பொறி: ஓதோ ஐதரசன்

மேலே சொன்ன கணக்கு ஒரு விடயத்தை மறைக்கிறது. ஐதரசன் மூலக்கூறு இரண்டு வகை: இரு கருக்களின் சுழல் எதிரெதிராக இருந்தால் பரா, ஒரே பக்கமாக இருந்தால் ஓதோ. ஓதோ வகை பராவைவிட 170 கெல்வின் உயரத்தில் நிற்கிறது. தானாகக் கீழே இறங்கவும் முடியாது.

ஓதோ மூலக்கூறு ஒன்று ஒருதூத்தேரிய அயனைச் சந்தித்தால் கட்டு ஏறத் தேவையான 232இல் 170ஐ அதுவே கையோடு கொண்டுவருகிறது. மிச்சம் 62. ஈ-யின் −6.2 அடுக்கு 0.002. இப்போது போட்டுப் பாருங்கள்: பத்துக்கு ஒன்று ஓதோ என்றால், திரும்பல் வீதம் 1.5 × 10⁻⁹ × 0.002 × 0.1 = 3 × 10⁻¹³. அடுத்த படியில் வரும் காபனோரொட்சைட்டின் பங்கைவிட இது இரு மடங்கு. ஆயிரத்துக்கு ஒன்றாகக் குறைந்தால் 3 × 10⁻¹⁵, கணக்கில் எடுக்கத் தேவையில்லை.

ஆகவே குளிர் மட்டும் காணாது. முகில் பழையதாகவும் இருக்க வேண்டும். முகிலிலுள்ள தூசித் துணிக்கைகளின் மேல் புதிதாக உருவாகும் ஐதரசன் மூலக்கூறு பெரும்பாலும் ஓதோவாகவே வெளிவருகிறது. புரோத்தனும் மூவைதரசன் அயனும் அதை மெல்ல மெல்லப் பராவாக்க நீண்ட காலம் பிடிக்கும். 10 கெல்வின் இருந்தும் தூத்தேரியம் ஏறாத இளம் முகில் ஒன்றைக் கண்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

படி 4: காபனோரொட்சைட்டை வெளியேற்றுங்கள்

இந்தப் படியில்தான் நேரம் செலவிட வேண்டும். விளக்கங்களில் பெரும்பாலும் குளிரைப் பற்றிப் பேசிவிட்டு இதை ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். கணக்குப் போட்டால் நிலைமை தலைகீழ்.

ஒருதூத்தேரிய அயன் அழியும் வழிகள் நான்கு: ஐதரசனோடு திரும்பிப் போவது, காபனோரொட்சைட்டுக்குப் புரோத்தனையோ தூத்தேரியத்தையோ கொடுத்துவிடுவது, இலத்திரனோடு சேர்ந்து உடைவது, இன்னொரு கலப்பு மூலக்கூறோடு சேர்ந்து அடுத்த தூத்தேரியத்தை ஏற்பது. உருவாகும் வழி ஒன்றே. உறுதிநிலையில்:

ஒருதூத்தேரிய அயன் ÷ மூவைதரசன் அயன் = உருவாக்கம் ÷ (திரும்பல் + காபனோரொட்சைட்டு + இலத்திரன் + அடுத்த படி)

எண்களைப் போடுங்கள். எளிமைக்காக அயன்–மூலக்கூறுத் தாக்கம் எல்லாவற்றுக்கும் 1.5 × 10⁻⁹ என்றே வைக்கலாம். இலத்திரனோடு சேர்வதற்கு 10 கெல்வினில் 4 × 10⁻⁷.

உருவாக்கம்: 1.5 × 10⁻⁹ × 3 × 10⁻⁵ = 4.5 × 10⁻¹⁴. அடுத்த படியும் இதே எண்.
திரும்பல், 10 கெல்வின், எல்லாம் பரா: 1.2 × 10⁻¹⁹.
காபனோரொட்சைட்டு: 1.5 × 10⁻¹³.
இலத்திரன்: 1.2 × 10⁻¹⁴.

விடை 0.22. நூறாயிரத்துக்கு 3 என்ற இருப்பிலிருந்து ஐந்துக்கு ஒன்று!

20 கெல்வினுக்கு இதையே திரும்பப் போடுங்கள். திரும்பல் 1.4 × 10⁻¹⁴ ஆக ஏறும். ஆனால் விடை 0.20. ஏறக்குறைய மாறவேயில்லை. 10க்கும் 20க்கும் இடையில் கதவைப் பிடித்து நிற்பது வெப்பநிலை அல்ல, காபனோரொட்சைட்டு. பகுதியிலுள்ள நான்கு எண்களில் ஆகப் பெரியது எது என்று பாருங்கள். அதைக் குறைக்காமல் மற்றதைக் குறைத்துப் பயனில்லை.

30 கெல்வினில் திரும்பல் 6.6 × 10⁻¹³ ஆகி விடை 0.05க்கு விழும். 50இல் 0.003. அங்கேதான் குளிர் பேசத் தொடங்குகிறது.

இனி 10 கெல்வினுக்குத் திரும்பி, காபனோரொட்சைட்டைப் பத்திலொன்றாக்குங்கள். விடை 0.6ஐத் தாண்டும். நூறிலொன்றாக்கினால் 0.8. அதற்கு மேல் ஏறாமல் தடுப்பது அடுத்த படி: தூத்தேரியம் இங்கே நிற்காமல் இன்னும் மேலே போகிறது.

காபனோரொட்சைட்டு எப்படிக் குறையும்? குளிர்ந்த சோடாப் போத்தலின் வெளிப்பக்கம் வேர்ப்பதுபோலத்தான். 20 கெல்வினுக்குக் கீழே தூசித் துணிக்கையில் முட்டும் காபனோரொட்சைட்டு அங்கேயே ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு விரைவில் என்பது அடர்த்தியைப் பொறுத்தது. ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 10⁹ ஐ ஒரு கன சென்ரிமீற்றரிலுள்ள ஐதரசன் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைக்கும். அடர்த்தி 10⁵ என்றால் பத்தாயிரம் ஆண்டு. 10³ என்றால் பத்து இலட்சம். ஐதான முகில் அவ்வளவு காலம் கலையாமல் இருப்பதே சந்தேகம். ஆகவே செறிவு நடப்பது முகில் முழுவதிலும் அல்ல, அதன் நடுக்கருவில் மட்டும்.

இதைக் காளை மண்டலத்து எல்1544 என்ற கருவில் நேரடியாகவே பார்த்தார்கள். நடுவே காபனோரொட்சைட்டின் நிறமாலை வரி (அது குறித்த மீடிறனில் வெளிவிடும் வானொலி) மங்கிப் போயிருக்க, அதே இடத்தில் 372 கிகாஹேட்ஸில் ஒருதூத்தேரிய அயனின் வரி வலுவாக நின்றது. அறிவிப்பு வந்த ஆண்டு 2003.

படி 5: அயனிலிருந்து அணுவுக்கு

மீதிப் பாதை குறுகியது. ஒருதூத்தேரிய அயன் இன்னொரு கலப்பு மூலக்கூறோடு சேர்ந்து இருதூத்தேரியமாகும் (187 கெல்வின் வெளியேறும்). அதுவும் சேர்ந்து முத்தூத்தேரியமாகும் (234 கெல்வின்). காபனோரொட்சைட்டு முற்றாக உறைந்த இடத்தில் தூத்தேரியம் மூன்றும் கொண்ட அயனே மேலோங்கலாம்.

இவை இலத்திரனோடு சேர்ந்து சிதறும்போது தூத்தேரிய அணுக்கள் தனியாக விடுபடும். நமக்கு வேண்டியது இதுதான். வாயுவில் அணுவான தூத்தேரியத்துக்கும் அணுவான ஐதரசனுக்கும் உள்ள விகிதம் இப்போது பத்துக்கு ஒன்று அளவுக்கு ஏறிவிடுகிறது. மொத்தத் தூத்தேரியம் கூடவில்லை. பூட்டிக் கிடந்ததில் சிறு பங்கு திறந்துவிடப்பட்டிருக்கிறது, அவ்வளவே.

படி 6: பனிமேல் மெதனோல் சமைத்தல்

பனி போர்த்திய ஒரு தூசித் துணிக்கையின் ஆரை 0.1 மைக்குரோமீற்றர் என்க. வாயுவில் கன சென்ரிமீற்றருக்கு ஓர் ஐதரசன் அணு. 10 கெல்வினில் அணுவின் சராசரி வேகம் செக்கனுக்கு 460 மீற்றர். துணிக்கையின் குறுக்குப் பரப்பால் பெருக்கினால், ஓர் அணு வந்து விழ ஏறத்தாழ 19 மணித்தியாலம். தூத்தேரியம் பத்திலொன்று, வேகமும் √2 மடங்கு குறைவு. ஆகவே அது வருவது 11 நாளுக்கு ஒருமுறை. இந்த வேகத்தில்தான் சமையல் நடக்கிறது.

விழுந்த ஐதரசன் பனியின் மேல் அலைந்து, உறைந்த காபனோரொட்சைட்டைக் கண்டால் ஒட்டும். இரண்டு ஐதரசன் ஒட்டினால் போமல்டிகைட்டு, நான்கு ஒட்டினால் மெதனோல். முதலாவதற்கும் மூன்றாவதற்கும் ஏவற்சக்தித் தடுப்பு உண்டு. 10 கெல்வினில் அதன் மேல் ஏற முடியாது, ஆனால் குவாண்டம் சுரங்கவழியாக ஊடே நுழையலாம். ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் 2002ஐ ஒட்டி, உறைந்த காபனோரொட்சைட்டின் மேல் குளிர்ந்த ஐதரசன் அணுக்களைப் பாய்ச்சி இதை ஆய்வுகூடத்திலேயே செய்து காட்டினார்கள்.

இந்த இடத்தில் பெரும்பாலான கணக்குகள் சறுக்கும். வாயுவில் பத்துக்கு ஒன்று தூத்தேரியம் என்றால் மெதனோலிலும் பத்துக்கு ஒன்று வரும் என்று எழுதிவிடுவார்கள். வராது. சுரங்கவழியில் பார அணு தடுமாறும். காபனோரொட்சைட்டில் தூத்தேரியம் ஒட்டும் வேகம் ஐதரசனைவிட நன்றாகக் குறைவு. ஒட்டுவதை மட்டும் பார்த்தால் செறிவு குறையவே வேண்டும்.

ஏற்றுவது வேறு வழி: பறித்தலும் நிரப்பலும். மெதனோலின் மெதைல் பகுதியிலிருந்து ஒரு ஐதரசனை வந்த அணு ஒன்று பறித்துக்கொண்டு போகிறது. காலியான இடத்தில் ஒரு தூத்தேரியம் உட்காருகிறது. அப்படி உட்கார்ந்த தூத்தேரியத்தை அடுத்து வரும் ஐதரசனால் எளிதில் பறிக்க முடியாது. பின்னே போகாத சக்கரம். அதே ஆய்வுகூடத்தின் 2005ஆம் ஆண்டுப் பரிசோதனையில் சாதாரண மெதனோலின் மேல் தூத்தேரியம் பாய்ச்சியபோது, மெதைல் பகுதியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று மாற்றீடு நடந்தது. ஐதரொட்சில் பக்கம் மாறவில்லை.

இந்த ஒரு முடிவு இரண்டு நோட்டங்களை விளக்கிவிடும். எழுந்தமானமாக விழுந்தால் இருதூத்தேரிய மெதனோல் மிக அரிதாக இருக்க வேண்டும். மெதைல் தளத்தின் விகிதம் 0.024 என்றால் எதிர்பார்க்கும் அளவு 3 × 0.024², அதாவது 0.0017. ஆனால் காண்பது அதைவிடப் பல மடங்கு. மூன்று இடமும் தூத்தேரியமான மெதனோல்கூட 2004இல் ஐராஸ் 16293–2422 என்ற இளம் விண்மீன் தொகுதியில் (தொடக்கத்தில் சொன்ன கேட்டைப் பக்கத்து விண்மீன் இங்கேதான்) கிடைத்தது.

பனிக்குள் இன்னொரு பதிவும் உண்டு. கிணறு வெட்டும்போது மண் அடுக்கைப் பார்த்து எது முந்தியது என்று சொல்வோமல்லவா? அடியிலுள்ள நீர்ப்பனி முகில் இன்னும் ஐதாக, காபனோரொட்சைட்டு வாயுவாக இருந்த காலத்தில் படிந்தது. ஆகவே நீரில் தூத்தேரியம் குறைவு. மேலடுக்கிலுள்ள மெதனோல் காபனோரொட்சைட்டு உறைந்த பிறகு உருவானது. அங்கே அதிகம். ஒரே துணிக்கையில் இரண்டு விகிதம் இருப்பது முரண்பாடல்ல, காலவரிசை.

படி 7: சூடான இடத்துக்கு மாற்றுவழி

50 கெல்வினில் மூவைதரசன் வழி கிட்டத்தட்ட அடைபட்டுவிடும் என்று படி 4இல் பார்த்தோம். அங்கே பொறுப்பெடுப்பது மெதைல் நேரயன். அது கலப்பு மூலக்கூறோடு மாறும்போது வெளியேறும் சக்தி கூடுதல்: பழைய கணிப்பில் 370 கெல்வின் அளவு, பிந்திய கணிப்பில் 650ஐ ஒட்டி. இதே போக்கில் அசற்றிலீன் அயனுக்கு ஏறத்தாழ 550. கட்டு உயரமானால் வெப்பம் கூடினாலும் தண்ணீர் திரும்பாது. தூத்தேரியமேறிய ஐதரசன் சயனைட்டு சூடான பகுதிகளிலும் தென்படுவது இதனால்தான். கணிப்பானில் 232க்குப் பதிலாக 650ஐப் போட்டு 50 கெல்வினுக்குச் செய்து பாருங்கள்: 0.01 என்றிருந்தது 2 × 10⁻⁶ ஆகும்.

படி 8: நிறமாலையை வாசித்தலும் அதில் விடும் பிழைகளும்

விண்மீன் பிறந்து சுற்றுப்புறம் 100 கெல்வினை எட்டும்போது பனி ஆவியாகும். பனியில் சேர்த்தது வாயுவுக்கு வந்து வானொலி வரியாகத் தெரியும். அந்த வரிகளிலிருந்து விகிதம் எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை:

முதலாவது, இடங்களின் எண்ணிக்கை. மெதைல் பகுதியில் மூன்று ஐதரசன். ஒருதூத்தேரிய மெதனோல் சாதாரண மெதனோலில் 7.1 சதவீதம் என்றால் தூத்தேரிய விகிதம் அதை மூன்றால் வகுத்த 2.4 சதவீதம். போமல்டிகைட்டுக்கும் நீருக்கும் இரண்டால் வகுக்க வேண்டும். வகுத்த எண்ணையும் வகுக்காத எண்ணையும் ஒரே அட்டவணையில் கலந்து ஒப்பிடுவது அடிக்கடி நடக்கும் பிழை. எந்த எண்ணைக் கண்டாலும் முதலில் இதைக் கேளுங்கள்.

இரண்டாவது, தடித்த வரி. சாதாரண மெதனோல் ஏராளம் என்பதால் அதன் வரி ஒளியியல் ரீதியில் நிரம்பிவிடும். பின்னாலுள்ளதன் ஒளி முன்னாலுள்ளதைத் தாண்டி வராது. மெதனோலைக் குறைத்து எண்ணுவோம், விகிதம் பொய்யாக ஏறும். ஐராஸ் 16293இன் மெதனோலுக்கு 2002இல் ஒற்றைத் தட்டுத் தொலைநோக்கியால் சொன்ன விகிதம் 0.9. சிலியின் அல்மா தொலைநோக்கி அணி நெருங்கிப் பார்த்து 2018இல் சொன்னது 0.071. பொருள் மாறவில்லை, அளவுகோல் மாறியது. மாற்று: காபன்-13 அல்லது ஒட்சிசன்-18 கொண்ட மெதனோலின் வரியை அளந்து, காபனுக்கு ஏறத்தாழ 68, ஒட்சிசனுக்கு 560 என்று பெருக்குவது.

மூன்றாவது, ஐதரொட்சில் பக்கத்தை நம்பாதீர்கள். பனி சூடேறி 120 கெல்வினை நெருங்கும்போது ஐதரொட்சில் ஐதரசன் பக்கத்து நீரோடு இடம் மாறிக்கொள்ளும். நீரில் தூத்தேரியம் குறைவு என்பதால் அங்கே சேர்ந்தது கரைந்து போகும். மெதைல் பக்கம் காபனோடு பிணைந்திருப்பதால் மாறாது. குளிர்காலக் கணக்கைக் காப்பாற்றி வைத்திருப்பது அதுதான்.

வரிகளின் மீடிறனை ஜேர்மனியின் கொலோன் பல்கலைக்கழகத் தரவுத்தளத்திலும், தாக்கவீதங்களைக் கீடா என்ற தரவுத்தளத்திலும் இலவசமாகப் பார்க்கலாம். இரண்டும் வெறும் எழுத்துக் கோப்புகள்தான், கைப்பேசி டேற்றாவில் இறங்கும். அல்மாவின் நோட்டத் தரவு, கேட்டவர்களிடம் பொதுவாக ஓராண்டு இருந்த பிறகு எல்லோருக்கும் திறக்கிறது. ஆனால் அந்தக் கோப்புகள் பெரியவை. பல்கலைக்கழக இணைப்பு இல்லாமல் கைவைத்தால் மாத டேற்றா ஒரே இரவில் முடிந்துவிடும்.

வன்னியிலிருந்து இந்த வரிகளை நேரடியாகப் பிடிக்க முடியுமா என்றால், முடியாது. 372 கிகாஹேட்ஸ் வரியை வளியிலுள்ள நீராவி விழுங்கிவிடும். அல்மா 5,000 மீற்றர் உயரப் பாலைவனத்தில் நிற்பது அதற்காகத்தான். இடத்தை மட்டும் கண்ணால் அடையாளம் காணலாம். ஆடி தொடங்கும்போது இரவு 9 மணியளவில், முத்தையன்கட்டுக் குளக்கட்டு மாதிரி வெளிச்சமில்லாத இடத்தில் தெற்கே பாருங்கள். 54 பாகை உயரத்தில் சிவப்பாக நிற்பது கேட்டை. அதற்கு வடக்கே 2 பாகை, நீட்டிய கையின் ஒரு விரல் அகலம், சற்றுக் கிழக்கே, 460 ஒளியாண்டு தூரத்தில் ஐராஸ் 16293. தை மாதத்தில் 9.30க்கு வடக்குப் பக்கமாக அண்ணாந்தால் எல்1544. உரோகிணிக்கும் காளையின் வடகொம்பு நுனிக்கும் நடுவில் சற்று வடக்கே. இரண்டு இடத்திலும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கேட்டைப் பக்கத்தில் மட்டும், நிலவில்லாத இரவில் இருகண் நோக்கியால் பார்த்தால், விண்மீன் இல்லாத கறுப்புப் பட்டைகள் கிழக்கே நீள்வது தெரியும். அது வெறுமை அல்ல, தூசி.